கேபிளுக்குள் ஒரு குமிழி: பகுதி மின்னிறக்கமும் அதற்கான மாதிரிகளும்

உயரழுத்த கேபிள்களைச் சோதிக்கும் இடங்களில் "பி.டி. 200 பிக்கோகூலூம் காட்டுது" என்ற பேச்சு அடிக்கடி அடிபடும். பி.டி. என்பது பகுதி மின்னிறக்கம்; பிக்கோகூலூம் என்பது மின்னூட்டத்தின் மிகச் சிறிய அலகு. அந்தப் பேச்சைக் கேட்டதும் ஒருவர் கேபிளை உடனே மாற்றச் சொல்வார். இன்னொருவர், மெக்கர் (மின்காப்பின் தடையை அளக்கும் கருவி) காட்டும் அளவு நன்றாகத்தானே இருக்கிறது, ஓடட்டும் என்பார். அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து இரண்டில் எதையுமே சொல்ல முடியாது. கேபிளின் காப்புக்குள் ஏதோ நடக்கிறது; அதன் மெல்லிய தடம் மட்டும் வெளியே வந்து மீட்டரில் விழுகிறது. அந்தத் தடத்திலிருந்து உள்ளே நடந்ததை ஊகிக்க ஒரு மாதிரி, அதாவது நடப்பதைக் கணக்கில் வடிக்கும் ஒரு விளக்கம், வேண்டும். பகுதி மின்னிறக்கத்தை மாதிரியாக்குவது என்றால் என்ன, அது ஏன் தேவை என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

எது 'பகுதி'?

கேபிளின் நடுவில் செம்பு அல்லது அலுமினியக் கடத்தி இருக்கும். அதைச் சுற்றி, கார்பன் கலந்த, ஓரளவே கடத்தும் ஒரு மெல்லிய அடுக்கு. களத்தில் இதைச் செமிகான் என்பார்கள். அதற்கு மேல் தடிமனான காப்பு. இன்றைய கேபிள்களில் இது பெரும்பாலும் குறுக்கிணைப்பு பாலிஎதிலீன், சுருக்கமாக எக்ஸ்.எல்.பி.இ. மறுபடியும் ஒரு செமிகான் அடுக்கு, பூமியோடு இணைத்த உலோகத் திரை, கடைசியாக வெளியுறை. கடத்திக்கும் திரைக்கும் நடுவே உள்ள மின்னழுத்தம் முழுவதையும் தாங்குவது அந்தக் காப்புதான்.

கடத்தியிலிருந்து திரைவரை காப்பைத் துளைத்துக்கொண்டு மின்சாரம் பாய்ந்துவிட்டால் அது முழு முறிவு. கேபிள் அப்போதே போய்விடும். காப்புக்குள் ஒரு சிறு இடத்தில் மட்டும் மின்பொறி தோன்றி அடங்க, சுற்றியுள்ள காப்பு தாங்கிக்கொண்டு நின்றால் அது பகுதி மின்னிறக்கம். ஐ.இ.சி. 60270 என்ற சர்வதேசத் தரநிலையும் இப்படித்தான் வரையறுக்கிறது: கடத்திகளுக்கு நடுவே உள்ள காப்பின் ஒரு பகுதியை மட்டும் கடக்கும் மின்னிறக்கம்.

கசிவு மின்னோட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். கசிவு என்பது காப்பின் வழியாகத் தொடர்ந்து ஒழுகும் சிறு மின்னோட்டம். மெக்கர் அளப்பது அதைத்தான். காப்பின் நடுவில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால், அதற்கு மேலும் கீழும் உள்ள நல்ல காப்பு அந்தக் கசிவைத் தடுத்துவிடும். ஆகவே மெக்கர் ஜிகாஓம் கணக்கில் அருமையான அளவு காட்டும்போதே உள்ளே பகுதி மின்னிறக்கம் நடந்துகொண்டிருக்கலாம்.

குமிழி ஏன் முதலில் தோற்கிறது?

காப்பின் ஒவ்வொரு மில்லிமீட்டரின் மேலும் எத்தனை கிலோவோல்ட் விழுகிறது என்பதுதான் மின்புலம். ஒரு பொருள் மின்புலத்துக்கு எந்த அளவு இசைந்து முனைவாகிறது என்பதைக் காட்டும் எண்ணுக்கு ஒப்புமை விடுதிறன் என்று பெயர். எக்ஸ்.எல்.பி.இ.க்கு அது சுமார் 2.3, காற்றுக்கு ஏறக்குறைய 1. விடுதிறன் குறைந்த இடத்தில் புலம் கூடும். கோள வடிவக் குமிழி என்றால் அதற்குள் இருக்கும் புலம் சுற்றியுள்ளதைவிட சுமார் 1.23 மடங்கு. புலத்துக்குக் குறுக்கே தட்டையாகக் கிடக்கும் இடைவெளி என்றால் 2.3 மடங்கு வரை போகும்.

ஆக, குமிழிக்குள் சுமை அதிகம். தாங்கும் சக்தியோ அங்கேதான் குறைவு. வளிமண்டல அழுத்தத்தில் 1 மில்லிமீட்டர் காற்று இடைவெளி சுமார் 4.5 கிலோவோல்ட்டில் முறியும். நல்ல எக்ஸ்.எல்.பி.இ. அதைப்போலப் பல மடங்கு தாங்கும்.

இங்கே ஒரு நல்ல சேதியும் உண்டு. இடைவெளி சுருங்கச் சுருங்க, காற்றை முறிக்கத் தேவையான புலம் கூடிக்கொண்டே போகும். ஃப்ரீட்ரிக் பாஷன் 1889-இல் கண்டறிந்த விதியிலிருந்து வருவது இது. 1 மில்லிமீட்டரில் 4.5 கிலோவோல்ட் போதும் என்றால், 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில் மில்லிமீட்டருக்கு 9 கிலோவோல்ட் அளவு வேண்டும். எலக்ட்ரான் போகும் வழியில் மோதுவதற்குப் போதுமான வாயு மூலக்கூறுகள் இல்லாததே காரணம். சில மைக்ரோமீட்டர் அளவுள்ள நுண்குமிழிகள் எந்தக் காப்பிலும் இருக்கலாம். இயங்கும் மின்னழுத்தத்தில் அவை பேசாமல் கிடக்கும். கேபிள் தயாரிப்பில் குமிழியின் அளவுக்கு உச்சவரம்பு வைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நிரம்பிக் கவிழும் பாத்திரம்

இப்போது குமிழிக்குள் நடப்பதைக் கற்பனை செய்ய ஓர் உவமை. பெரிய தொட்டியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக ஒரு சிறு பாத்திரத்துக்குள் தண்ணீர் வருகிறது. பாத்திரம் ஓர் அச்சில் தொங்குகிறது. குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டினால் கவிழும். கவிழ்ந்ததும் நிமிர்ந்து மறுபடி நிரம்பும். அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும்.

நிரம்பும் மட்டம்தான் குமிழியின் மேல் விழும் மின்னழுத்தம். கவிழும் மட்டம் மின்னிறக்கம் தொடங்கத் தேவையான வாசல் அளவு. அடியில் தங்கும் தண்ணீர், மின்னிறக்கம் அடங்கிய பிறகும் மீந்திருக்கும் மின்னழுத்தம். இதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாத்திரம் கவிழும் மட்டத்தைத் தொட்டதும் தானாகக் கவிழாது. யாராவது லேசாகத் தட்டிவிட வேண்டும். அப்புறம், நமக்குப் பாத்திரம் கண்ணில் படவே படாது. பெரிய தொட்டியின் மட்டத்தில் ஏற்படும் கடுகளவு அசைவை மட்டுமே பார்க்கிறோம். பகுதி மின்னிறக்கத்தில் வரும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த இரண்டிலிருந்துதான் பிறக்கிறது.

உவமை ஓரிடத்தில் உதவாது. மாறுதிசை மின்னழுத்தம் விநாடிக்கு 50 முறை முழுச் சுற்று போய் வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் திசை திரும்புகிறது. தண்ணீருக்கு அப்படித் திசை மாற்ற வராது. அதனால் உண்மையான மின்னிறக்கத்துக்கே வந்துவிடுவோம்.

ஒரு மின்னிறக்கம், கிட்டத்திலிருந்து

மின்னழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. குமிழிக்குள் புலம் வாசல் அளவைத் தாண்டிவிட்டது. அப்போது எங்கிருந்தோ ஒரே ஒரு எலக்ட்ரான் உள்ளே விடுபடுகிறது. புலம் அதை இழுத்து ஓடவைக்கிறது. அது ஒரு வாயு மூலக்கூறை மோதி இன்னோர் எலக்ட்ரானை உதிர்க்கிறது. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, சில நானோநொடிகளில் குமிழியின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர்வரை ஒரு மின்சாரப் பாதை உருவாகிவிடுகிறது. எலக்ட்ரான்கள் ஒரு சுவரில் படிகின்றன. நேர் அயனிகள் எதிர்ச்சுவரில். சுவர் காப்புப் பொருள் என்பதால் அந்த மின்னூட்டம் உடனே வழிந்து போகாது. படிந்த மின்னூட்டம் உள்ளே இருக்கும் புலத்தை எதிர்க்கிறது, புலம் சரிகிறது, பொறி அணைகிறது.

அடுத்து நடப்பதுதான் பலருக்குத் தெரியாதது. மின்னழுத்தம் உச்சத்தைத் தாண்டி இறங்கத் தொடங்குகிறது. சுவரில் படிந்த மின்னூட்டமோ அப்படியே இருக்கிறது. இப்போது குமிழிக்குள் மிஞ்சி நிற்பது அந்த மின்னூட்டத்தின் எதிர்த்திசைப் புலம். வெளி மின்னழுத்தம் பூஜ்யத்தை எட்டுவதற்கு முன்பே அந்தப் புலம் வாசலைத் தாண்டி, எதிர்த்திசையில் அடுத்த மின்னிறக்கம் நடந்துவிடலாம். மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும்போதுதான் குமிழி வெடிக்கும் என்ற எண்ணம் இங்கே அடிபட்டுப் போகிறது. குமிழிக்கு ஞாபகம் உண்டு. சுவரில் படிந்த மின்னூட்டம்தான் அந்த ஞாபகம்.

நேர அளவுகளையும் கவனியுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு 20 மில்லிநொடி. ஒரு நானோநொடியை ஒரு நொடியாக நீட்டினால், அந்த ஒரு சுற்று ஏழு மாதத்துக்கும் மேல் நீளும். இவ்வளவு விலகி நிற்கும் இரண்டு கால அளவுகளை ஒரே கணக்கில் அடக்குவதுதான் மாதிரியாக்கத்தின் நடைமுறைச் சிக்கல்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: குமிழிக்குள் புலம் கூடுதல், தாங்கும் சக்தி குறைவு. வாசலைத் தாண்டி, ஓர் எலக்ட்ரானும் கிடைத்தால் பொறி. பொறி விட்டுப்போகும் மின்னூட்டம் அடுத்த பொறியின் நேரத்தை மாற்றுகிறது.

மூன்று மின்தேக்கிகள்

இதற்கு வந்த முதல் மாதிரியை கெமன்ட், ஃபிலிப்போஃப் என்ற இருவர் 1932-இல் முன்வைத்தார்கள். இன்றும் எந்தப் பாடப்புத்தகத்திலும் முதலில் வருவது அதுதான். குமிழியை ஒரு மின்தேக்கியாக வைத்துக்கொள்ளுங்கள், அது 'சி'. குமிழிக்கு மேலும் கீழும் தொடராக இருக்கும் காப்பு 'பி'. கேபிளின் மீதிக் காப்பு எல்லாம் சேர்ந்து 'ஏ'. சி-யின் மேல் மின்னழுத்தம் வாசலைத் தொட்டதும் அது சட்டென்று இறங்குகிறது. அந்த இறக்கத்தை ஈடுகட்ட பி-யின் வழியே வெளியிலிருந்து கொஞ்சம் மின்னூட்டம் வருகிறது. மீட்டர் பிடிப்பது இந்தக் கொஞ்சத்தைத்தான். இதற்குத் தோற்ற மின்னூட்டம் என்று பெயர். இது மிகச் சிறியது என்பதால் பிக்கோகூலூமில், அதாவது ஒரு கூலூமின் லட்சம் கோடியில் ஒரு பங்கில் சொல்கிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். 10 மில்லிமீட்டர் தடிமன் காப்பில், அரை மில்லிமீட்டர் உயரமுள்ள தட்டையான குமிழி. குமிழியின் விடுதிறன் 1, காப்பின் விடுதிறன் 2.3. இந்த மாதிரியின்படி மீட்டரில் தெரியும் தோற்ற மின்னூட்டம், குமிழிக்குள் உண்மையில் நகர்ந்த மின்னூட்டத்தில் சுமார் ஒன்பதில் ஒரு பங்கு. காப்பு இன்னும் தடிமனாக இருந்தால் பங்கு இன்னும் சுருங்கும். அதே குமிழி, அதே பொறி. தடித்த கேபிளில் குறைந்த எண் காட்டும்.

சுவர் ஒரு தகடு அல்ல

மூன்று மின்தேக்கி மாதிரி கற்றுக்கொள்ள எளிது, ஆனால் அதில் ஓர் அடிப்படைக் குறை உண்டு. மின்தேக்கி என்றால் இருபுறமும் கடத்தும் தகடு வேண்டும். குமிழியின் சுவர் காப்புப் பொருள். அதன் மேல் மின்னழுத்தம் இடத்துக்கு இடம் மாறும். டென்மார்க்கின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெடர்சன் இந்தக் குறையை 1980-களில் அழுத்தமாகச் சுட்டிக்காட்டினார். அவர் தந்த மாற்றுப் பார்வை இது: குமிழியின் எதிரெதிர்ச் சுவர்களில் படிந்த நேர், எதிர் மின்னூட்டங்கள் சேர்ந்து ஒரு மின் இருமுனை. இந்த இருமுனை தூரத்தில் இருக்கும் கடத்தியிலும் திரையிலும் மின்னூட்டத்தைத் தூண்டுகிறது. மீட்டர் பார்ப்பது அந்தத் தூண்டப்பட்ட மின்னூட்டத்தை.

எனக்கு இந்தப் பார்வைதான் நேர்மையானதாகப் படுகிறது. காரணம், மூன்று மின்தேக்கிகளில் புதைந்துபோகும் ஒரு கேள்விக்கு இது நேரடியாக விடை சொல்கிறது: குமிழி எங்கே இருக்கிறது? காப்பு கடத்தியின் பக்கம் 15 மில்லிமீட்டர் ஆரத்தில் தொடங்கி, திரையின் பக்கம் 30 மில்லிமீட்டர் ஆரத்தில் முடிகிறது என்று வையுங்கள். ஒரே வலிமையுள்ள இருமுனை உள்விளிம்பில் இருந்தால் வெளிவிளிம்பில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு எண்ணை மீட்டரில் காட்டும். 100 என்றும் 200 என்றும் இரண்டு அளவுகள் வந்தால், இரண்டாவது கேபிள் இரு மடங்கு மோசம் என்று பொருளாகாது. பொறி ஒன்றே, இடம்தான் வேறு.

முதல் எலக்ட்ரான் எப்போது வரும்?

பாத்திரத்தைத் தட்டிவிடும் கை என்று சொன்னோமே, அதுதான் இந்த முதல் எலக்ட்ரான். புதிதாகத் தயாரான கேபிளில் உள்ள குமிழிக்குள் அது கிடைப்பது அரிது. இயற்கைக் கதிர்வீச்சு வாயு மூலக்கூறு ஒன்றைப் பிளந்தால்தான் உண்டு. குமிழியின் கொள்ளளவு ஒரு கன மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், அப்படி ஒன்று நிகழ நிமிடக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதுவரை புலம் வாசலைத் தாண்டியே நின்றாலும் ஒன்றும் நடக்காது. சோதனை நேரம் குறைவாக இருந்தால் குமிழி கண்ணில் படாமலே தப்பிவிடும். எக்ஸ் கதிரைப் பாய்ச்சி அந்த முதல் எலக்ட்ரானைச் செயற்கையாகக் கொடுத்துச் சோதிப்பதும் உண்டு.

ஒருமுறை பொறி நடந்துவிட்டால் நிலைமை மாறும். சுவரில் படிந்த எலக்ட்ரான்கள் தளர்வாக ஒட்டியிருக்கும்; புலம் திரும்பும்போது அவற்றில் சில பிய்ந்து வரும். அதன் பிறகு தொடக்க எலக்ட்ரானுக்குப் பஞ்சம் இல்லை. இருந்தாலும் எந்த நொடியில் வரும் என்பது தற்செயல்தான். ஆகவே பகுதி மின்னிறக்க மாதிரி எதுவானாலும் அதற்குள் நிகழ்தகவு இருந்தே தீரவேண்டும். புலம், எலக்ட்ரான் வரத்து, சுவர் மின்னூட்டத்தின் ஞாபகம் மூன்றையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தவர் நீமேயர். 1995-இல் வந்த அவருடைய கட்டுரையிலிருந்துதான் இன்றைய மாதிரிகளில் பெரும்பாலானவை கிளைக்கின்றன.

கணினி என்ன செய்கிறது?

கேபிளின் குறுக்குவெட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் மின்புலத்தைக் கணக்கிடுவார்கள். ஃபைனைட் எலிமென்ட் முறை என்பது இதுதான். பிறகு காலத்தைச் சிறு அடிகளாக வெட்டி நகர்த்துவார்கள். ஒவ்வோர் அடியிலும் முதல் கேள்வி: குமிழிக்குள் புலம் வாசலைத் தாண்டிவிட்டதா? இல்லை என்றால் அடுத்த அடி. ஆம் என்றால், இந்த இடைவெளியில் ஓர் எலக்ட்ரான் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டு, கணினியை ஒரு தற்செயல் எண் எடுக்கச் சொல்வார்கள். எண் அந்த வாய்ப்புக்குள் விழுந்தால் பொறி. அப்போது காலத்தை நானோநொடி அளவுக்குச் சுருக்கி, குமிழிக்குள் கடத்துதிறனை ஒரு கணம் ஏற்றிவிடுவார்கள். புலம் மீந்த அளவுக்கு இறங்கும்வரை கணக்கு ஓடும். கடத்தியில் எவ்வளவு மின்னூட்டம் பாய்ந்தது என்று கூட்டினால் தோற்ற மின்னூட்டம் கிடைக்கும். அப்புறம் காலத்தை மறுபடி நீட்டி, சுவர் மின்னூட்டம் மெல்லக் கரைவதையும் சேர்த்துக்கொண்டு அடுத்த பொறியை எதிர்பார்ப்பார்கள். இப்படி நூற்றுக்கணக்கான சுற்றுகள்.

கடைசியில் கிடைப்பது ஒரு புள்ளிப் படம். கிடைமட்ட அச்சில், சுற்றின் எந்தக் கட்டத்தில் பொறி நடந்தது. செங்குத்து அச்சில், எவ்வளவு பிக்கோகூலூம். அளவெடுக்கும் கருவியும் இதே படத்தைத்தான் வரைகிறது, அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குமிழியின் புள்ளிகள் பூஜ்யத்துக்குச் சற்று முன்பிருந்து உச்சம்வரை, இரு அரைச்சுற்றிலும் குவியும். எலக்ட்ரான் தாமதமாகக் கிடைத்தால் புலம் வாசலைத் தாண்டி வெகுதூரம் ஏறிவிடும், பொறி பெரிதாகும்; புள்ளிகள் மேல்நோக்கி வளைந்து முயல் காது போல நிற்கும். வெளிக்காற்றில் ஒரு கூர்முனையில் நடக்கும் மின்னிறக்கமோ மின்னழுத்தத்தின் உச்சத்தை ஒட்டியே குவியும். ஒற்றை எண்ணில் ஒளிந்துகொள்ளும் வேறுபாடு படத்தில் வெளிப்படையாகத் தெரிகிறது.

ஓர் எச்சரிக்கை. மீந்த புலம், எலக்ட்ரான் வரத்து, சுவர் மின்னூட்டம் கரையும் வேகம் ஆகியவற்றை நேராக அளப்பது கடினம். படம் பொருந்தும்வரை இவற்றைத் திருகிக்கொண்டே போகலாம். திருகினால் கிட்டத்தட்ட எந்தப் படமும் பொருந்திவிடும். ஒரு மின்னழுத்தத்தில் பொருத்திய அதே மதிப்புகள், எதையும் மாற்றாமல் வேறொரு மின்னழுத்தத்திலும் வேறொரு அதிர்வெண்ணிலும் அளந்த படத்தைத் தருகிறதா என்று பார்த்த பிறகே அந்த மாதிரியை நம்பலாம். களத்தில் 0.1 ஹெர்ட்ஸ் மின்னழுத்தத்தில் சோதிப்பது வழக்கம். அங்கே ஒரு சுற்றுக்கு 10 நொடி. சுவர் மின்னூட்டம் கரைய ஏராளமான நேரம் கிடைப்பதால் 50 ஹெர்ட்ஸில் வரும் படம் அங்கே அப்படியே வராது. இரண்டு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது தவறு.

கேபிளின் நீளமும் கணக்கில் உண்டு

பொறியிலிருந்து கிளம்பும் துடிப்பு கேபிள் வழியே இரு பக்கமும் ஓடுகிறது. எக்ஸ்.எல்.பி.இ. கேபிளில் அதன் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய பாதி. போகிற வழியில் செமிகான் அடுக்குகள் அதன் உயர் அதிர்வெண் பகுதியை விழுங்கிவிடும். கூர்மையாகக் கிளம்பிய துடிப்பு, தூரம் போகப்போக மழுங்கி அகன்றுவிடும். உள்ளூர்ப் பொறியின் மாதிரியோடு இந்தப் பயணத்தின் மாதிரியையும் சேர்த்தால்தான் முனையில் அளந்ததற்குப் பொருள் கிடைக்கும்.

இந்தப் பயணம் ஒரு நன்மையும் தருகிறது. ஒரு துடிப்பு நேராக நம்மிடம் வரும்; இன்னொன்று தூர முனைக்குப் போய்ப் பட்டுத் திரும்பி வரும். வேகம் மைக்ரோநொடிக்கு 160 மீட்டர், இரண்டுக்கும் நடுவே 5 மைக்ரோநொடி இடைவெளி என்றால், 160-ஐ 5-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்து, பொறி நடந்த இடம் தூர முனையிலிருந்து 400 மீட்டர் என்று சொல்லிவிடலாம். அந்த இடம் ஒரு ஜாயின்ட்டோடு, அதாவது இரண்டு கேபிள் துண்டுகளை இணைத்த இடத்தோடு, ஒத்துப்போனால் சந்தேகம் வலுக்கும். தொழிற்சாலையில் சோதித்து வந்த காப்பைவிட, களத்தில் கையால் செய்யும் ஜாயின்ட்டிலும் டெர்மினேஷனிலும் (கேபிளின் முனை இணைப்பு) குறை நேர வாய்ப்பு அதிகம்.

எண் சொல்லாதவை

எண் பெரிதானால் ஆபத்து பெரிது என்பது எப்போதும் சரியல்ல. பொறிகள் குமிழியின் சுவரைத் தாக்குகின்றன. உள்ளிருக்கும் காற்றிலிருந்து ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டாகின்றன. சுவரின் மேல் படியும் விளைபொருட்களால் அது ஓரளவு கடத்தத் தொடங்கலாம். அப்போது மின்னூட்டம் சீக்கிரம் வழிந்து, பொறிகள் சிறிதாகும் அல்லது கொஞ்ச நேரம் நின்றே போகும். மீட்டரில் எண் குறையும்; காப்பு குணமாகியிருக்காது. இதற்குப் பிறகு சுவரில் ஒரு நுண்குழி விழுந்து, அங்கிருந்து மின்மரம் என்று சொல்லப்படும் கிளைத்த கால்வாய் எதிர்ப்பக்கம் நோக்கி வளரலாம்.

பொறியே இல்லாத குறைகளும் உண்டு. ஈரமும் மின்புலமும் சேர்ந்து காப்பில் வளர்க்கும் நீர்மரம், மின்மரமாக மாறும்வரை பகுதி மின்னிறக்கச் சோதனையில் தென்படாது. சோதனையில் ஒன்றும் வரவில்லை என்றால், அந்த மின்னழுத்தத்தில், அந்த நேரத்தில், கருவியின் நுண்மைக்கு எட்டிய அளவில் பொறி இல்லை என்று மட்டுமே எடுத்துக்கொள்ளலாம்.

கேபிள் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கேள்விக்கு இந்தக் குமிழி மாதிரிகளிடம் பதில் இல்லை. அவை குமிழியின் வடிவம் மாறாது என்று வைத்துக்கொண்டு சில நொடிகளையோ நிமிடங்களையோ கணக்கிடுகின்றன. மின்மரம் கிளைவிடுவதற்கென்று தனி மாதிரிகள் உண்டு. அதே நீமேயர், பியெட்ரோனெரோ, வீஸ்மன் ஆகியோருடன் சேர்ந்து 1984-இல் வெளியிட்டது அவற்றில் புகழ்பெற்றது. ஒவ்வொரு பொறியும் சுவரை எவ்வளவு அரிக்கிறது, அரித்த சுவர் அடுத்த பொறியை எப்படி மாற்றுகிறது என்ற சுழற்சியை நொடியிலிருந்து ஆண்டுவரை இழுத்துச் செல்வது இன்னும் கடினமான வேலை. அதனால் களத்தில் 200 பிக்கோகூலூம் என்று யாராவது சொன்னால், எந்த மின்னழுத்தத்தில், எந்த அதிர்வெண்ணில், கேபிளின் எந்த இடத்திலிருந்து என்று கேளுங்கள். புள்ளிப் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். முந்தைய சோதனையின் படம் இருந்தால் அதையும் பக்கத்தில் வையுங்கள்.